இந்தத் தகடு எந்த அச்சிலிருந்து வந்தது? எம்ஜிபியின் கூடு மறுபடி பிறந்த கதை

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பழையது ஒன்றை வாங்கப் போனால் எஞ்சின் சத்தமெல்லாம் அப்புறம். முதலில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் பகுதியை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணகணவென்று பதில் சொல்லும். பட்டி பார்த்து மறைத்த இடம் மண்சுவரைத் தட்டியதுபோல 'தொப்' என்று அடங்கிவிடும். பிறகு கதவை மெதுவாகச் சாத்தி, அதன் பின் விளிம்பைப் பாருங்கள். இடைவெளி கீழே ஒரு விரல் அகலமும் மேலே நூலளவும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். மேல் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஒரிஜினல் சாமான் தேடுவதைப் பற்றி இரண்டு பேர் பேசினால், பேச்சு பெரும்பாலும் கடைப் பெயர்களில் போய் முடியும். யாரிடம் விலை குறைவு, யார் சீக்கிரம் அனுப்புகிறார்கள், இப்படி. எனக்கு அதையெல்லாம் விட முக்கியமாகப் படுவது ஒரே கேள்விதான்: கையில் இருக்கும் இந்தப் பாகம் எந்த அச்சிலிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிப் போன ஒரு முயற்சியாக எம்ஜிபியின் புதுக் கூட்டை, அதாவது எஞ்சினும் சக்கரமும் மாட்டாத வெறும் பாடியை, பார்க்கிறேன். அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

துரு எங்கே குடியிருக்கிறது

எம்ஜிபி 1962-இல் வந்தது. அதற்கு முந்தைய எம்ஜிஏவில் தனி சேசிஸ் உண்டு, அதன் மேல் பாடியைத் தூக்கி வைத்துப் பூட்டினார்கள். எம்ஜிபியில் தனி சேசிஸ் கிடையாது, பாடிக் கூடே பாரம் தாங்குகிறது. கூரை இல்லாத வண்டி வேறு. அப்படியானால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருப்பது எது? நடுவில் ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கமும், இரண்டு பக்கமும் இருக்கும் சில்களும்தான்.

இந்த சில் வெளியிலிருந்து பார்க்க ஒற்றைத் தகடு போலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. வெளித்தோல் ஒன்று, நடுவே ஒரு தடுப்புத் தகடு, உட்சுவர் ஒன்று, கீழே கோட்டை மதில்போல் மடிந்த 'காஸில் ரெயில்' ஒன்று. எல்லாவற்றையும் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்துப் பெட்டியாக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீரும் சேறும் இந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. வெளித்தோலில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும் நாளில் நடுத் தடுப்பு ஏற்கெனவே பொடியாகியிருக்கும்.

இதற்குச் சாதாரணப் பட்டறைகளில் கண்ட வைத்தியம் ஒன்று உண்டு. அழுகிய சில்லை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே ஒரு புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். இரண்டு வருடம் தாங்கும். விற்பதற்கு அது போதும்.

ஒழுங்காகச் செய்பவர்களுக்கும் 80-களில் பெரிய தலைவலி இருந்தது. எம்ஜிபியைச் செய்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. 18 வருடங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் வெளிவந்திருந்தன. அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போயிற்று. உள்நாட்டில் தங்கியவை உப்பில் கரைந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் சில், தரைத்தகடு, முன் மட்கார்டு என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்றினால், ஒவ்வொன்றும் வேறு வேறு பட்டறையில் அழுத்திய தகடு. ஒன்றில் வளைவு கொஞ்சம் தட்டை, இன்னொன்றில் மடிப்பு 2 மில்லிமீட்டர் தள்ளி. தனித்தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கதவை மாட்டும்போதுதான் எல்லாக் குறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அது கதவிடுக்கு. செலவுக் கணக்குப் போட்டால் வெல்டிங் கூலி வண்டியின் விலையைத் தாண்டிப் போய்விடும்.

அச்சுகளைத் தேடிப் போனது

பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1975-இல், அப்போது எம்ஜியின் தாய் நிறுவனமாக இருந்த பிரிட்டிஷ் லேலண்டின் கிளையாகத் தொடங்கியது. பழைய வண்டிகளையும் அவற்றின் மரபையும் காப்பது அதன் வேலை. 80-களின் நடுவில் அங்கே டேவிட் பிஷப் தலைமையில் ஒரு யோசனை எழுந்தது. எம்ஜிபியின் தகடுகளை அழுத்திய மூல அச்சுகளைத் தேடிப் பிடித்து, முழுக் கூட்டையே மறுபடி செய்தால் என்ன?

அச்சு என்றால் முறுக்குப் பிழியும் அச்சு அளவில் நினைத்துவிடக் கூடாது. ஒரு மட்கார்டை அழுத்தும் டை என்பது டன் கணக்கில் கனக்கும் வார்ப்பிரும்புத் துண்டு. மேல் பாதி, கீழ் பாதி என்று ஜோடியாக இருக்கும். ஒரே அடியில் தகடு உருவாகிவிடாது. முதல் டை வடிவம் கொடுக்கும், அடுத்தது ஓரத்தை வெட்டும், அதற்கடுத்தது மடிக்கும், இன்னொன்று துளை போடும். இந்த வரிசையில் ஒன்று தொலைந்தாலும் மற்றவற்றால் முழுப் பயன் இல்லை. வண்டி உற்பத்தியில் இருந்த காலத்தில் ஸ்விண்டனில் தகடுகள் அழுத்தப்பட்டு, கௌலியில் பெயின்ட் பூசப்பட்டு, ஆபிங்டனுக்கு லாரியில் போயின. உற்பத்தி நின்றதும் இந்த டைகள் நாட்டின் பல மூலைகளுக்குச் சிதறிவிட்டன. சில வெட்டவெளியில் துருப்பிடித்துக் கிடந்தன. காயலான் கடைக்குப் போய் உருகாமல் தப்பியதே அதிர்ஷ்டம்.

அவற்றைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, காணாமல் போனதற்கு மட்டும் புது டை செய்து, ஆக்ஸ்போர்டுஷயரில் ஃபாரிங்டன் என்ற சிற்றூரில் ஒரு பட்டறை அமைத்தார்கள். 1988-இல் எம்ஜிபியின் புதுக் கூடு விற்பனைக்கு வந்தது. 1991-இல் எம்ஜியின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான மிட்ஜெட்டின் கூடு வந்தது. அப்புறம் டிரையம்ப் டிஆர்6 என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கூடு. இன்றைக்கு அந்த வேலை விட்னியில் நடக்கிறது.

டைகளைவிட எனக்கு அதிக மரியாதை வருவது ஜிக்குகளின் மேல். தகடுகளைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தி வெல்டிங் வைக்க உதவும் இரும்புச் சட்டங்கள் அவை. சரியான தகடுகளையே கொடுத்தாலும் ஜிக் இல்லாமல் சேர்த்தால் கூடு கோணிப்போகும். வீட்டுக் கொட்டகையில் சில் மாற்றுபவர்கள் வண்டியை அசையாமல் முட்டுக்கொடுத்து, கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்து நிறுத்திவிட்டுத்தான் பழைய சில்லை வெட்டுவார்கள். அந்தக் கம்பி ஒரு ஏழை ஜிக். அதைக்கூடப் போடாமல் வெட்டியவர்களின் வண்டியில் கதவு அப்புறம் சாத்தவே சாத்தாது.

இந்தக் கதையில் யாரும் எதிர்பார்க்காத திருப்பம் ஒன்று உண்டு. பழைய வண்டிகளுக்காகச் செய்த இந்தக் கூட்டைப் பார்த்த, அப்போது எம்ஜி பெயரைக் கையில் வைத்திருந்த ரோவர் நிறுவனம், இதை வைத்தே புது வண்டி ஒன்று செய்யலாமே என்று இறங்கியது. எம்ஜிபி வந்து 30 ஆண்டு ஆனபோது, 1992 பர்மிங்ஹாம் மோட்டார் கண்காட்சியில் எம்ஜி ஆர்வி8 வந்தது. கூடு ஃபாரிங்டனில், வண்டியைப் பூட்டியது கௌலியில், எஞ்சின் ரோவரின் 3.9 லிட்டர் வி8. 1995 வரை 2,000-க்குக் கொஞ்சம் குறைவாகச் செய்தார்கள், பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. உதிரி பாகம் ஒன்று தனக்கென ஒரு காரைப் பெற்றெடுத்த கதை இது. வேறெங்கும் இப்படி நடந்ததாக எனக்கு நினைவில்லை.

கூடு ஒரிஜினலா?

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். 1964-இல் ஆபிங்டனிலிருந்து வெளியேறிய வண்டிக்கு 1990-இல் அழுத்திய கூடு போட்டால் அது ஒரிஜினலா? கறார்ப் பேர்வழிகள் இல்லை என்பார்கள். ஆனால் மேலே போர்த்திய சில், கையால் தட்டிச் செய்த மட்கார்டு, பெயர் தெரியாத பட்டறையின் தரைத்தகடு எல்லாம் சேர்ந்த 'பழைய' கூட்டைவிட, அதே டையில் அழுத்தி அதே முறையில் ஸ்பாட் வெல்டிங் வைத்த புதுக் கூடு ஆபிங்டனுக்கு நெருக்கமானது என்பேன்.

இதிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. 18 வருடங்களில் எம்ஜிபி பல தடவை உள்ளுக்குள் மாறியிருக்கிறது. 1964 அக்டோபருக்கு முன் எஞ்சினில் 3 பேரிங், அதற்குப் பின் 5. 1965 வரை கதவுக்கு வெளியே இழுத்துத் திறக்கும் கைப்பிடி, பிறகு பொத்தானை அழுத்தும் வகை. 1967 கடைசியில் முழு சின்க்ரோ கியர்பாக்ஸ் வந்தபோது நடுச் சுரங்கத்தையே அகலமாக்கினார்கள். முதல் தலைமுறை வண்டிக்குப் பிந்தைய சுரங்கம் உள்ள கூட்டை வாங்கிவிட்டால் அப்புறம் கம்பளத்திலிருந்து கைப்பிடி வரை எல்லாவற்றிலும் வெட்டி ஒட்ட வேண்டிவரும். மாதம், வருடம் சொல்லிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அதற்கு முதலில் உங்கள் வண்டி பிறந்த தேதி தெரிய வேண்டும். கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கட்டிய தேதி, எஞ்சின் எண், முதல் நிறம், இருக்கை நிறம், போன ஊர் எல்லாம் வரும். நம் ஊரில் ஜாதகம் பார்க்காமல் பெண் பார்க்கப் போகாத குடும்பங்கள் உண்டல்லவா, கிட்டத்தட்ட அதுபோல. ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே இந்தக் காகிதத்தை வரவழைத்துவிடுங்கள். சிவப்பு வண்டி என்று நம்பி வாங்கியவர், அது ஐரிஸ் புளூவில் பிறந்தது என்று சான்றிதழில் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு.

கூட்டுக்குள் போகும் சாமான்கள்

கார்புரேட்டர் விஷயத்தில் எம்ஜிபிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எம்ஜிபியில் இருக்கும் எஸ்யூ கார்புரேட்டரின் பெயரும் வரைபடங்களும் 1996 முதல் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனத்திடம் இருக்கின்றன, ஊசியிலிருந்து முழு கார்புரேட்டர் வரை அங்கே செய்கிறார்கள். எஸ்யூ என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன். அந்த ஸ்கின்னர் குடும்பம் செருப்புக்கடைக் குடும்பம். ஆரம்பகால எஸ்யூவில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி இருந்தது என்று படித்தபோது சிரிப்பு வந்தது. செருப்புக்கடைக்காரர் வேறெதை எடுப்பார்!

புதிதாக வாங்குவதற்கு முன் பழையதைச் சோதித்துப் பார்க்கலாம். மேலே இருக்கும் கிண்ணமும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் தொழிற்சாலையில் ஜோடி சேர்க்கப்பட்டவை. இரட்டை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவும்போது ஒன்றின் பிஸ்டனை மற்றதன் கிண்ணத்தில் போட்டுவிட்டால் பிறகு எவ்வளவு ட்யூன் செய்தாலும் வண்டி இருமிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் தேய்வது த்ராட்டில் கம்பி உட்காரும் துளை. கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கையில் ஆட்டம் தெரியும். புஷ் போட்டு அதைச் சரிசெய்துவிட்டால் 60 வருட எஸ்யூ இன்னும் ஓடும்.

மின்சாரப் பக்கம் வந்தால் கதை தலைகீழ். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டர், விரல் நுனி அளவு பிளாஸ்டிக்கும் பித்தளையும். விலை அற்பம். ஒரு நண்பரின் வண்டியில் புது ரோட்டர் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். 20 நிமிடம் நன்றாக ஓடிய வண்டி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் விளக்கை அணைத்தாற்போல் நின்றுவிட்டது. காயிலை மாற்றினோம், கன்டென்சரை மாற்றினோம், பெட்ரோல் பம்பைச் சுத்தியால் தட்டினோம். கடைசியில் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்த தேய்ந்த பழைய லூகாஸ் கம்பெனி ரோட்டரை எடுத்து மாட்டியதும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அளவில் வித்தியாசம் இல்லை. புதியதில் பித்தளைத் தகட்டைப் பிடிக்க ஒரு ரிவெட் அடித்திருந்தார்கள், அதன் வால் கீழே தண்டுக்கு மிக அருகில் இறங்கியிருந்தது. மின்தடை போதாத பிளாஸ்டிக் சூடானதும், தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் ரிவெட் வழியாகத் தண்டில் இறங்கி எர்த் ஆகிவிட்டது. சோதிப்பது சுலபம். ரோட்டரைத் தண்டில் மாட்டியபடியே, காயில் ஒயரின் முனையை அதன் பித்தளைக்கு நூலளவு தள்ளிப் பிடித்து எஞ்சினைச் சுற்றவிட வேண்டும், ஒயரைப் பிடிக்க ரப்பர் பூசிய இடுக்கி நல்லது. தீப்பொறி தாவினால் அந்த ரோட்டர் குப்பை. இந்தத் தொல்லையைப் பார்த்த இங்கிலாந்து நிபுணர்கள் ரிவெட்டே இல்லாமல் சிவப்பு நிறத்தில் ரோட்டர் செய்யத் தொடங்கினார்கள். நிறம் ஒரிஜினல் இல்லை. வேலை ஒரிஜினல். மூடிக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

நட்டு போல்ட்டிலும் இப்படி வழுக்கும் இடம் உண்டு. எம்ஜிபி வரும்போது யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரைக்கு மாறிவிட்டார்கள், பிரச்சினை இல்லை. அதன் தாத்தா எம்ஜி டிசியை எடுத்தவர்கள் பாவம். அதன் 1250 சிசி எக்ஸ்பிஏஜி எஞ்சினில் போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு, மரை மெட்ரிக். காரணம் அந்த எஞ்சின் வந்த தொழிற்சாலை. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரெஞ்சு ஆயுத நிறுவனமான ஹாட்ச்கிஸ் கோவென்ட்ரியில் தொழிற்சாலை போட்டது, போருக்குப் பிறகு கார் தயாரிப்பாளர் மோரிஸுக்கு எஞ்சின் செய்தது, 1923-இல் மோரிஸ் அதை வாங்கிவிட்டார். அங்கிருந்த இயந்திரங்களெல்லாம் பிரெஞ்சு மெட்ரிக் மரை வெட்டுபவை. மெக்கானிக்குகளின் கையில் இருந்ததோ பிரிட்டிஷ் ஸ்பானர்கள். அதனால் தலையை மட்டும் பிரிட்டிஷ் ஆக்கினார்கள். அந்த மரையும் இன்றைய கடை மெட்ரிக் இல்லை. கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.25 மில்லிமீட்டர். எக்ஸ்பிஏஜிக்கு வேண்டியது 1.0. இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் இறுகும். பலத்தைக் காட்டினால் பிளாக்கின் மரை போச்சு.

இருக்கைக்கு வருவோம். 60-களின் எம்ஜிபியில் உட்காரும் முகப்பு மட்டும் தோல். பக்கமும் முதுகும் வைனைல். இன்று பல பேர் காசு அதிகம் கொடுத்து முழுக்கத் தோல் போடுகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது, ஆபிங்டனில் அப்படிச் செய்யவில்லை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கார்களுக்குத் தோல் என்றால் கானலி. அந்தப் பழைய தோல் நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது, 'அதே தோல்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இருக்கையைப் பிரிக்கும்போது மடிப்புக்குள் வெயில் படாத இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். புதுத் தோலின் நிறத்தையும் வரியையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும், வண்ண அட்டையோடு அல்ல. நாம் எல்லாப் போலித் தோலையும் 'ரெக்ஸின்' என்கிறோமே, அது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஹைடில் செய்த துணியின் வணிகப் பெயர். டிசி காலத்து வண்டிகளில் நிஜ ரெக்ஸினையே பார்க்கலாம்.

இன்னொரு உறவும் நமக்கு உண்டு. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த 'பி' வரிசைச் சொந்தங்கள். அதற்காக அம்பாசடர் சாமானை எம்ஜிபியில் மாட்டிவிட்டு ஒரிஜினல் என்று சொல்லிவிட முடியாது. இலங்கைப் பக்கம் வேறு கதை. பாத் நகர மோரிஸ் மைனர் கடை ஒன்று 90-களில் அங்கே பட்டறை அமைத்து, மைனருக்கான பாகங்கள் செய்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது.

சந்தையில்

ஹாம்ப்ஷயரில் பியூலியில் 1967 முதல் நடக்கும் ஆட்டோஜம்பிள், பழைய சாமான்களின் திருவிழா. செப்டம்பரில் புல்வெளி முழுக்கப் பெட்டிகள், க்ரீஸ் பிசுக்கு, மழை வந்தால் தார்ப்பாய். அங்கே போகிறவர் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளலாம். 60-களின் எம்ஜிபி பானெட் அலுமினியம், பிறகுதான் இரும்புக்கு மாறியது. காந்தம் ஒட்டாமல் நழுவினால் கீல் மாட்டும் மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம்.

பெட்டி பிரிக்காத பழைய இருப்பு என்றால் எல்லாருக்கும் கண் விரியும். மீட்டர், விளக்குக் கண்ணாடி, சுவிட்ச், கியர் சக்கரம் போன்றவற்றுக்கு எனக்கும்தான். ரப்பருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். 40 வருடம் பெட்டிக்குள் தூங்கிய பிரேக் சீல், கையில் வளையும், வண்டியில் வெடிக்கும். பெட்ரோல் குழாய்க்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. அங்கே ஒரிஜினல் பார்த்தால் தீப்பிடிக்கும்.

ரசீதும் பழைய கூடும்

கூடு மாற்றுகிறவர்கள் பணத்தைவிடக் கவனமாக வைத்திருக்க வேண்டியது ரசீது. பிரிட்டிஷ் பதிவுத் துறை நெடுங்காலம் ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருந்தது. கூட்டுக்கு 5; சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஆக்ஸில் ஜோடி, கியர்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 2; எஞ்சினுக்கு 1. 8 வந்தால் பழைய பதிவு எண் தங்கியது. புதுக் கூடு, அதே அமைப்பு, தயாரிப்பாளரிடமோ விற்பனையாளரிடமோ வாங்கிய ரசீது இருந்தால் அந்த 5 கிடைத்தது. வேறொரு வண்டியிலிருந்து வெட்டியெடுத்த இரண்டாம் கைக் கூட்டுக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் உயிராக நினைக்கும் எஞ்சினுக்கு வெறும் 1 என்பதைக் கவனித்தீர்களா?

புதுக் கூட்டின் கதவு, பானெட், டிக்கி மூடி எல்லாம் வந்துவிடும். வராதவைதான் ஆளைக் கொல்லும். ஒயரிங்கைப் பிடிக்கும் தகர நாக்குகள், பிரேக் குழாய் ஓடும் வளைவு, கம்பளத்தின் கீழ் ஒட்டிய தார் அட்டையின் வெட்டு, எந்த ஸ்க்ரூவுக்கு எந்த வாஷர் என்பது. புத்தகத்தில் பாதி இருக்காது. அனுபவப்பட்டவர்கள் பழைய கூட்டைக் கொட்டகைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். வண்டி முழுசாக முடிந்து, சாலையில் ஒரு மழையும் பார்த்து, கடைசிக் கிளிப் வரை ஒப்பிட்டு முடித்த அப்புறம்தான் அதைக் காயலான் கடைக்கு அனுப்புவார்கள். அவசரப்பட்டு முதல் வாரமே அனுப்பியவர், பேட்டரிப் பெட்டி மூடியின் திருகு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டு அடுத்த எம்ஜிபிக்காரர் வீட்டு வாசலில் டார்ச் லைட்டோடு நிற்பார்.